நகராத புள்ளி

தையல் மிசினுக்கு விடுகிற எண்ணெயை டைப் மிசினுக்கும் விடலாம் என்று காத்தான்குடி முனாப் சொன்ன ஒரு சொல்லை நம்பித்தான் வதனி அந்த இரும்பில் கைவைத்தாள். அவர் சொன்னது பாதிதான் சரி. எண்ணெய் கூடிப்போனால் புழுதி பிடித்து, எழுத்துக் கம்பிகள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு சண்டைக்கு நிற்கும் என்ற மீதிப் பாதியை அவள் கைப்பட்டுத்தான் தெரிந்துகொண்டாள்.

அந்த டைப் மிசின் கடலுக்குள் போய் வந்தது. அவள் புருசன் இராசதுரை நீதிமன்ற வாசலில், வாகை மரத்தடியில் இருந்து அதில் மனு அடிக்கிறவராகக் காலத்தை ஓட்டியவர். இரண்டாயிரத்து நாலு மார்கழியில் கடல் அவர்களுடைய கரையோர ஊரான நாவலடிக்குள் ஏறிவந்தபோது வீட்டையும், வதனியின் தையல் மிசினையும், ஆறு வயது மகள் யதுஷாவையும் சேர்த்தே கொண்டுபோனது. தண்ணீர் வடிந்த பிறகு மகளைத் தேடிப் போனவர்களுக்குத் தாழம்பற்றைக்குள் இந்த டைப் மிசின்தான் கிடைத்தது. வாய் நிறைய மணலோடு சரிந்து கிடந்தது. இராசதுரை அதைக் காலால் ஒரு உதை உதைத்தார்.

"இரும்பு வந்திருக்கு. புள்ள வரல்ல" என்றார்.

அதோடு அவர் அதைத் தொடவில்லை. கட்டட வேலைக்குக் கல் சுமக்கப் போனார். வதனிதான் உரப்பைக்குள் போட்டு அதை இழுத்துவந்தாள். பள்ளிக்கூடத்துத் தரை, கூடாரம், கடைசியில் இந்தத் தகரக் கொட்டில் என்று போன இடமெல்லாம் அது கட்டிலுக்குக் கீழே கூடவே வந்தது. எதற்காகச் சுமக்கிறாய் என்று கேட்டார்கள். கடல் திருப்பித் தந்த ஒரே சாமான் அது. அதையும் எறிய அவளால் முடியவில்லை.

இரண்டாயிரத்து ஏழில், கோடைக் கச்சான் காற்று தகரத்தை அடுப்புக்கல்லாகக் காய்ச்சிய நாட்களில், ஒரு பகல் அவள் சாக்கை அவிழ்த்தாள். நிவாரணத்தில் கிடைத்த தையல் மிசின் ஒன்று வீட்டில் இருந்தது. அதைக் கழற்றிப் பூட்டிப் பழகிய கை. இதுவும் இரும்புதானே, என்ன பெரிய கம்பசூத்திரம் என்றுதான் தொடங்கினாள். பழைய பேசினில் மண்ணெண்ணெய் ஊற்றி, பல்துலக்கும் பிரசால் தேய்த்து, எழுத்துகளின் குழிகளுக்குள் இறுகியிருந்ததை ஊசியால் கிண்டினாள். உள்ளேயிருந்து நாவலடி மணல் வந்தது, சிப்பித் தூளோடு. அதைக் கொட்ட மனமில்லாமல் பால்மாத் தகரப் பேணி ஒன்றில் சேர்த்து வைத்தாள். கடதாசி சுற்றுகிற உருளையைத் தாங்கிய வண்டியை இழுக்கும் பட்டி இற்றுப்போயிருந்தது. அந்த இடத்துக்குப் பாவாடை நாடா ஒன்றை இரண்டாய் மடித்துத் தைத்துக் கட்டினாள். வண்டி ஓடியது! ஒற்றைத் தையல்காரி செய்த வேலை என்று பார்த்தவர்கள் நம்பமாட்டார்கள்.

ஒரு வேலைதான் பிழைத்தது. 'ழ' எழுத்தின் கம்பி வளைந்து கிடந்தது. குறட்டால் நிமிர்த்தப் போய் அதன் தலை திருகிவிட்டது. அன்று தொட்டு ழ அடித்தால் கள்ளுக் குடித்தவன்போல வலப்பக்கம் சரிந்து விழும். புருசன் கண்டால் சிரிப்பார் என்று அதைச் சொல்லாமல் விட்டாள்.

முதன்முதல் அவள் அடித்துப் பார்த்த சொல் யதுஷா. அது ஒரு குறையும் இல்லாமல் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாள். பிறகு 'அம்மா' என்று அடித்தாள். அ அடித்து, ம அடித்து, புள்ளிக்குரிய கட்டையைத் தட்டினாள். வண்டி நகரவில்லை. அடுத்த மானாவை அடித்ததும் அது புள்ளிக்குக் கீழே போய் விழுந்தது. முதல் மானா மொட்டைத் தலையோடு நிற்க, இரண்டாவது மானாவின் தலையில் புள்ளி ஏறிக் குந்தியிருந்தது. எத்தனை தரம் அடித்தாலும் அதுதான் கதை.

மிசினைக் கவிழ்த்துப் பார்த்தாள். மற்ற எழுத்துக் கம்பிகளின் அடியில் சின்னக் குதி ஒன்று இருந்தது. அது பின்னால் உள்ள வளைவுச் சட்டத்தை இடிக்கும்போதுதான் வண்டி ஒரு எட்டு நகர்கிறது. புள்ளிக் கம்பிக்கு அந்தக் குதி குட்டையாக இருந்தது. சட்டத்தைத் தொடவேயில்லை. இகரம் போடுகிற மேல்விலங்குகளுக்கும் அதே நோய்தான். எத்தனையோ ஆணியை உப்புத் தின்றதைக் கண்ணால் கண்டவள் அல்லவா, இதையும் உப்புத்தான் தின்றுவிட்டது என்று முடிவு கட்டினாள்.

ஆவணியில் சித்தாண்டிக் கோயில் திருவிழா. அக்கா வீட்டுக்குப் போய் இரண்டு இரவு தங்கி வந்தாள். திரும்பி வந்தபோது மிசினை மூடிய சாக்கு மறுபக்கம் மடிந்து கிடந்ததைக் கண்டாள். எலி ஓடியிருக்கும் என்று அதை விட்டுவிட்டு, குட்டையான குதியில் ஒட்ட ஈயம் வாங்கக் காத்தான்குடிக்குப் போனாள்.

முனாப் தையல் மிசின் சாமான் விற்கிறவர். வதனிக்கு நூலும் ஊசியும் கடனுக்குக் கொடுப்பார். அண்ணன் முறையில் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"புள்ளிக் கட்டைய உப்புத் தின்னிட்டு முனாப் காக்கா. துண்டு ஈயம் ஒட்டினா நகரும்போல கிடக்கு."

"தையல் மிசினெண்டா நான் சொல்லுவன் தங்கச்சி. உங்கட மிசின்ட புள்ளியும் கோடும் எனக்கு என்னத்தத் தெரியும்?" என்று ஈயத்தைக் கடதாசியில் சுற்றினார். பிறகு கடை வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "உங்கட குடியேற்றத்தில நோட்டீஸ் ஒண்டு ஒட்டியிரிக்காம். சுனாமி வீட்ட வித்த சங்கத் தலைவர்ர கதையெல்லாம் அதில இரிக்காம். டைப் பண்ணின நோட்டீசாம் தங்கச்சி."

"நானும் கேள்விப்பட்டன். காணல்ல. நான் போக முந்தியே கிழிச்சிட்டானுகள்."

"அந்தத் தலைவர் அவனுகட ஒபிசுக்கு வேண்டிய ஆளு. இப்ப ஊருக்குள்ள டைப் மிசின் வெச்சிரிக்கிற ஆக்களத் தேடுறானுகளாம். நீங்க திருத்துறத ஆரிட்டயும் பறையாதீங்க."

"எங்கட இவரு அதத் தொடுறதேயில்ல காக்கா. அவருக்கு அதக் கண்டாலே ஆகாது."

"அல்லா காப்பாத்தணும்" என்றார் முனாப். ஈயத்துக்குக் காசு வாங்கவில்லை.

ஒபிஸ் என்றால் அந்த நாட்களில் ஊருக்கு ஒரு அர்த்தம்தான். துவக்கும் தோட்டாவுமாகப் பையன்கள் இருக்கும் வீடு அது. யாரும் அதன் பெயரை முழுதாகச் சொல்வதில்லை. அந்த வீட்டுக்குள் போனவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு.

வீட்டுக்கு வந்து, விறகடுப்பில் கம்பி ஒன்றைப் பழுக்கக் காய்ச்சி, புள்ளிக் கம்பியின் குதியில் ஈயத்தை உருக்கி ஒட்டினாள். புகை பட்டு அந்த இடம் கறுத்துப் போனது. ஈயம் அதோடு முடிந்தது. மேல்விலங்குகளைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டாள். ம அடித்தாள், புள்ளி அடித்தாள். வண்டி டக்கென்று நகர்ந்தது. புள்ளி இப்போது யாருடைய தலையிலும் குந்தவில்லை. எழுத்துக்கு அங்கால், தனக்கென்று ஒரு இடம் பிடித்துத் தனியே நின்றது. அதுவும் சரியில்லைதான். ஆனாலும் நகராத ஒன்றை நகரவைத்துவிட்டாள். புருசன் வந்ததும் காட்ட வேண்டும் என்று பிட்டுக்கு மாவைக் குழைத்துவிட்டு இருந்தாள்.

புருசன் வரவில்லை. பக்கத்துக் கொட்டில் சின்னத்தங்கம்தான் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள்.

"வதனி, இராசதுரைய வேல செய்யிற இடத்தில வெச்சி வேனுக்குள்ள ஏத்திட்டானுகளாம் புள்ள! மிசின் கிடக்காண்டு கேட்டானுகளாம். ஓம், கிடக்கு, சுனாமியோட செத்துப்போன மிசினெண்டு சொன்னவராம்."

செத்துப்போன மிசின் எண்ணெய் மினுக்கோடு கட்டிலுக்குக் கீழே இருந்தது. அவர் சொன்னது பொய்யாகிவிட்டது. பொய்யாக்கியவள் அவள்தான். கல்லைக் கட்டி வாவிக்குள் போட்டுவிடலாமா என்று நினைத்தாள். மிசின் எங்கே என்று கேட்டால்? திரும்பவும் மணலை வாரி அதன் வாய்க்குள் போட்டால்? மணல் இருந்த பேணியைக்கூடக் கையில் எடுத்தாள். மகள் போன மண் அது. போட முடியவில்லை.

மறுநாள் காலை ஒபிஸ் வாசலுக்குப் போனாள். "வீட்ட போங்க. நாங்க வருவம்" என்றான் வாசலில் நின்றவன். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

வெயில் சாயத் தொடங்கும்போது வேன் வந்தது. குடியேற்றத்தின் வாசல்கள் எல்லாம் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவன் கண்ணாடி போட்டவன், சட்டைப் பையில் சிவப்புப் பேனை. மற்றவன் துவக்கோடு கதவடியில் நின்றுகொண்டான். வேனின் பின்சீற்றில் இராசதுரை இருந்தார். அவர் ஒருதரம் அவளைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்று அவர் நினைத்துவிட்டதை அவள் அந்த மூடலில் கண்டாள். ஆனால் ஏன் அப்படி? தொடாத மிசினுக்கு எதற்காக இப்படிப் பயப்படுகிறார்?

"மிசின எடுங்கக்கா" என்றான் கண்ணாடிக்காரன்.

எடுத்து மேசையில் வைத்தாள். அவன் விரலால் தடவினான். எண்ணெய்.

"செத்த மிசினெண்டுதானே உங்கட அவர் சொன்னவர்?"

"செத்துத்தான் கிடந்த, தம்பி. நான்தான் சும்மா இருக்க ஏலாமக் கழுவித் துடைச்சனான். இன்னும் சரிவரல்ல."

"நீங்க மிசின் திருத்துற ஆளா?"

"நான் தைக்கிற ஆள்."

துவக்குக்காரன் சிரித்தான். கண்ணாடிக்காரன் பையிலிருந்து கடதாசி ஒன்றை எடுத்து விரித்தான். சுவரிலிருந்து உரித்தெடுத்த நோட்டீஸ். ஓரத்தில் பசை காய்ந்திருந்தது. வதனி அப்போதுதான் அதைக் கண்டாள். முதல் வரி: ஏழைகளின் வீட்டை விற்றவர் யார்? அந்த ழ வலப்பக்கம் சரிந்து நின்றது.

தன் குறட்டின் திருகலை அவள் வேறு எங்கே கண்டாலும் அறிவாள். இரண்டாவது வரிக்குக் கண் போனது. பிள்ளை இல்லாத வீட்டுக்குக் கூரை எதற்கு என்று கேட்டவர் யார்? அந்தச் சொல்லைச் சங்கத் தலைவர் இவர்கள் இருவரின் முகத்துக்கு நேரே சொன்னவர். சுனாமி வீட்டுப் பட்டியலில் இவர்களின் பெயரை வெட்டிய அன்று. சொன்னவர் அன்றைக்கே மறந்திருப்பார், கேட்ட இருவருக்கும்தான் அது தெரியும். சாக்கை மறுபக்கம் மடித்தது எலி இல்லை.

ஆத்திரமும் பயமும் ஒரே நேரத்தில் ஏறின. பாவி மனுசா, எனக்கு ஒரு சொல் சொன்னாயா என்று மனசுக்குள் கத்தினாள். வெளியே கை மட்டும் அவன் நீட்டிய வெற்றுக் கடதாசியை உருளைக்குள் சுற்றியது.

"நான் வாசிக்கிறன், அடிங்க" என்றான் அவன். "ஏளைகளின் வீட்டை விற்றவர் யார்."

எங்கள் பக்கத்து வாயில் ழகரம் ளகரமாகத்தான் விழும். படித்தவனும் அப்படித்தான் சொல்வான், எழுதும்போது மட்டும் திருத்திக்கொள்வான். வதனி திருத்திக்கொள்ளவில்லை. காதில் விழுந்தபடியே, படிப்பறிவில்லாதவள் அடிப்பதுபோல, ஒற்றை விரலால் ள அடித்தாள். வியர்வை புருவத்தால் வழிந்தது. ழவுக்குரிய கட்டை அவள் விரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டாள்.

ன அடித்தாள், புள்ளி அடித்தாள். வண்டி நகர்ந்தது.

"நில்லுங்க" என்றான் கண்ணாடிக்காரன்.

குனிந்தான். அவன் மூச்சு அவள் தோளில் பட்டது. கடதாசியில் ன ஓரிடத்தில் நின்றது, அதன் புள்ளி அடுத்த இடத்தில் தனியே நின்றது. அவன் தானே புள்ளிக் கட்டையை அழுத்தினான். டக். மறுபடி அழுத்தினான். டக். புள்ளிகள் கோலம்போல வரிசையாகப் போயின.

"இதென்னக்கா, புள்ளி நகருது?"

"நகரத்தானே வேணும் தம்பி?"

அவன் நிமிர்ந்து துவக்குக்காரனைப் பார்த்துச் சிரித்தான். "கேட்டியா? நான் டைப் சோதினை பாசாகினவன் அக்கா. தமிழ் மிசின்ல புள்ளிக் கட்ட நகரவே நகராது. அப்பிடித்தான் செஞ்சிருக்கு. முதல் புள்ளி, மறுகாத்தான் எழுத்து. எழுத்து போய்ப் புள்ளிக்குக் கீழ விழும். விளங்குதா? ஆரு இத நாசமாக்கின?"

"நான்தான்" என்றாள் வதனி. வெட்கம் உண்மையாகவே முகத்தில் ஏறியது. "எழுதக்குள்ள எழுத்தப் போட்டுட்டுத்தானே தம்பி புள்ளி வெக்கிற? கட்டைய உப்புத் தின்னிட்டெண்டு நினைச்சி ஈயம் ஒட்டினன்."

"எப்ப?"

நோட்டீசுக்கு முந்திய மாதம் ஒன்றைப் பொய்யாகச் சொன்னாள். "சித்திரைக்க."

அவன் மிசினைச் சரித்து அடியைப் பார்த்தான். புது ஈயமென்றால் பளபளத்துக் காட்டிக்கொடுத்திருக்கும். அடுப்புப் புகையில் கறுத்து, அதன்மேல் எண்ணெயும் படிந்து, அது ஏதோ நெடுநாளைய அழுக்குப்போல இருந்தது. அவன் கையைத் துடைத்துக்கொண்டான். நோட்டீசையும் அவள் அடித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தான். நோட்டீசில் ஒவ்வொரு புள்ளியும் அதனதன் எழுத்தின் தலையில் அச்சாக இருந்தது.

"இது வேற மிசின்" என்றான். "இத வெச்சி ஒரு பெயரக்கூட ஒழுங்கா அடிக்கேலா. செத்த மிசினெண்டு மனுசன் சொன்னது சரிதான். இறக்கிவிடு அவர."

போகத் திரும்பியவன் நின்றான். வதனியின் கடதாசியை மேசையில் வைத்து, சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்தான். ழவை அடித்துக் காட்டு என்று சொல்லப்போகிறான் என்று வதனி நினைத்தாள்.

"ஏளை இல்லக்கா. ஏழை." ளவை வெட்டி, அதற்கு மேலே அழகான ழ ஒன்றைக் கையால் எழுதினான். வாத்தியார் கொப்பி திருத்துவதுபோல. "தமிழ்ப் புள்ள, தமிழப் பிழையா எழுதலாமா?"

"இல்ல தம்பி" என்றாள்.

வேன் போன பிறகும் வாசல்கள் திறக்க நேரமெடுத்தன. இராசதுரை ஒரு காலில் செருப்போடு நடந்து வந்தார். இடது காது வீங்கி, அந்தப் பக்கத்தால் பேசினால் கேட்கவில்லை. அவள் வெந்நீர் வைத்து முகத்தைத் துடைத்தாள். பிட்டை அவித்து, செப்பலி மீன் சொதியை ஊற்றி முன்னால் வைத்தாள். அவர் நாலு வாய் தின்றார். பிறகுதான் மேசையில் கிடந்த கடதாசியைக் கண்டார். எடுத்துப் பார்த்தார்.

"புள்ளி நகருது" என்றார்.

"ஓம்."

"நான் அடிக்கக்குள்ள நகரல்லையே."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு விளங்கியது. வதனி கையிலிருந்த அகப்பையை நிலத்தில் அடித்தாள்.

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நீ விடமாட்டாய்."

"விடமாட்டன்தான்! ஒண்டக் கடலுக்குக் குடுத்திட்டன். மற்றத இவனுகளுக்குக் குடுக்கவா? அந்த ழவக் கண்ட நேரம் எனக்கு உசிரு போய்த் திரும்பி வந்த. தெரியுமா உங்களுக்கு?"

"புள்ள இல்லாத வீட்டுக்குக் கூரை எதுக்கெண்டு கேட்டானே வதனி" என்றார் அவர். குரல் உடைந்தது. "நீ சித்தாண்டிக்குப் போன அண்டைக்கு வீட்ட தனிய இருந்தன். சாக்க எடுத்துப் பார்த்தன். நாடாவெல்லாம் கட்டி ஓட வெச்சிருக்கிறாய். கை சும்மா இருக்கல்ல. உன்ட மிசினாலதான் அடிச்சன்."

அவள் அழுதாள். வேன் வந்தபோதும் அழாதவள், அப்போது சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள். அவர் பக்கத்தில் வந்து குந்தினார். பிறகு மிசினைச் சரித்து அடியைப் பார்த்தார். கறுத்த ஈயத்தைக் கண்டதும் அந்த வீங்கிய முகத்திலும் சிரிப்பு ஒன்று வந்தது.

"நல்லாத்தான் ஒட்டியிருக்கிறாய் புள்ள. அரத்த எடு. ரெண்டு சுரண்டுச் சுரண்டினாச் சரி."

"கிடக்கட்டும்" என்றாள். "புள்ளி தள்ளி நிக்கிற மட்டும் நீங்க வீட்ட நிப்பீங்க."

அப்படியே கிடந்தது. சாக்கைப் போட்டு மூடி, திரும்பவும் கட்டிலுக்குக் கீழே வைத்தார்கள்.

இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில் சண்டை முடிந்தது என்று வானொலி சொன்னது. சந்தியில் வெடி கொளுத்தினார்கள். பாற்சோறு கிண்டி வாழையிலையில் வைத்து வீடு வீடாகக் கொடுத்து வந்தார்கள். வதனியின் கொட்டிலுக்கு வந்த கூட்டத்தில் முன்னுக்கு நின்றவன் கண்ணாடிக்காரன். வெள்ளைச் சட்டை. பையில் அதே சிவப்புப் பேனை.

"எடுங்கக்கா" என்று இலையை நீட்டினான். "எல்லாம் முடிஞ்சிது. இனி ஆருக்கும் ஆரும் பயமில்ல. உங்கட மிசின் எப்பிடி, புள்ளி இன்னும் நகருதா?"

"நகருது தம்பி" என்றாள்.

அவன் சிரித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனான். பாற்சோறு இலையில் ஆறிக் கிடந்தது. காணாமல்போன பிள்ளைகளுக்கு மனு அடிக்க ஆளில்லாமல் தாய்மார் அலைகிறார்கள் என்று ஊரில் ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. அது இராசதுரையின் காதுக்கும், நல்ல காதுக்கு, எட்டியிருந்தது. அவர் கட்டிலுக்குக் கீழே கையை விட்டு மிசினை வெளியே இழுத்தார்.

"சண்டை முடிஞ்சிதெண்டுறானுகள். இப்ப ஈயத்தச் சுரண்டுவமா?"

வதனி வாசலால் எட்டிப் பார்த்தாள். வெள்ளைச் சட்டை சின்னத்தங்கத்தின் கொட்டிலைக் கடந்து வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

"அவன் போகட்டும்" என்றாள்.

இராசதுரை ஒரு கடதாசியைச் சுற்றினார். கடலுக்குப் போய் வந்த அந்த மிசின், அந்த நிலையிலும் பிழையில்லாமல் எழுதக்கூடிய, புள்ளியே வேண்டாத பெயர் ஒன்று அந்த வீட்டில் இருந்தது. அவர் அதை அடித்தார். ய. து. ஷ. பிறகு அரவு, ஷாவுக்குரிய கால். வதனி வந்து அவருடைய தோளில் கையை வைத்துக்கொண்டு அதைப் படித்தாள்.